தெற்காசியர்களுக்கு ஏ.எஃப். குறைவு என்கிறார்களே, அதை நம்பி இருந்துவிடலாமா?

கேள்வி இது: "ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏ.எஃப்.) என்ற தாறுமாறான இதயத் துடிப்பு வெள்ளையர்களுக்குத்தான் அதிகமாம். கறுப்பினத்தவருக்கும் நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கும் குறைவாம். அப்பாவுக்கு 68 வயது. பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. அவருக்கு இந்தக் கவலை வேண்டாம் என்று விட்டுவிடலாமா?"

விடக் கூடாது. நீங்கள் படித்தது பொய்யல்ல. ஆனால் அந்தக் கணக்கு எங்கே, யாரிடம், எந்தக் கருவியை வைத்து எடுக்கப்பட்டது என்று பார்க்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஆபத்து.

முதலில் நோயைப் பற்றி நான்கு வரி. இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரிவதற்குப் பதிலாக, நிமிடத்துக்கு 350 முதல் 600 வரையிலான மின்துடிப்புகளில் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலைதான் ஏ.எஃப். இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் போல ஒரு சின்னப் பை உண்டு. அறை சுருங்காததால் அதற்குள் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு என்று அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு காட்டியது. பலருக்கு இது வந்து வந்து போகும். படபடப்புகூட இல்லாமலே இருக்கும். இந்தக் கடைசி இரண்டையும் மனதில் வையுங்கள், மேலே சொல்லப்போவது முழுவதும் அதைச் சுற்றித்தான்.

இன வேறுபாடு பற்றிய கணக்குகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. வடக்குக் கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பின் உறுப்பினர்களை வைத்துச் செய்து 2001இல் வெளியான ஏட்ரியா ஆய்வில், 50 வயதைத் தாண்டிய வெள்ளையரில் 2.2% பேருக்கும் கறுப்பினத்தவரில் 1.5% பேருக்கும் ஏ.எஃப். இருந்தது. 1987இல் நான்கு அமெரிக்கப் பகுதிகளில் தொடங்கிய ஏரிக் ஆய்வு, ஒருவருக்கு வாழ்நாளில் ஏ.எஃப். வரும் வாய்ப்பைக் கணித்தது: வெள்ளை ஆண்களுக்கு 36%, வெள்ளைப் பெண்களுக்கு 30%, கறுப்பின ஆண்களுக்கு 21%, பெண்களுக்கு 22%. கலிஃபோர்னியாவின் மருத்துவமனைப் பதிவுகளில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேரைப் பார்த்த இன்னொரு ஆய்விலும், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு 16%, ஆசியருக்கும் ஹிஸ்பானியருக்கும் 22% குறைவு என்றே வந்தது.

இதில் விசித்திரம் என்னவென்றால், ஏ.எஃப்.பை வரவழைக்கும் காரணங்கள் கறுப்பினத்தவரிடம்தான் அதிகம். உயர் ரத்த அழுத்தம், பருமன், சர்க்கரை, இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு எல்லாமே. காரணம் கூடுதல், நோய் குறைவு. ஆய்வாளர்கள் இதைப் புதிர் என்றே எழுதிவந்தார்கள்.

புதிரின் ஒரு பாதியை அவிழ்த்தது மீசா ஆய்வு. 2000இல் தொடங்கியது; இதயநோய் இல்லாத 6,814 பேர்; வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், சீன வம்சாவளியினர் என நான்கு கூட்டம். பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தபோது, மருத்துவமனைப் பதிவு, காப்பீட்டுப் பதிவு, ஆய்வில் எடுத்த ஈ.சி.ஜி. ஆகியவற்றின்படி ஏ.எஃப். இருந்தது வெள்ளையரில் சுமார் 11% பேருக்கு. கறுப்பினத்தவரில் 7 சதவீதத்துக்கும் குறைவு. பழைய கதையேதான். ஆனால் இம்முறை அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். சுமார் 1,500 பேரின் நெஞ்சில் 14 நாள் வரை துடிப்பைப் பதிவுசெய்யும் ஒட்டுக்கருவியை ஒட்டி அனுப்பினார்கள். நெஞ்சில் பிளாஸ்திரி போல ஒட்டிக்கொண்டு இரவும் பகலும் ஒவ்வொரு துடிப்பையும் குறித்துக்கொள்ளும் கருவி அது. அணிந்திருப்பவர் பணக்காரரா ஏழையா, காப்பீடு உண்டா இல்லையா, படபடப்பென்று டாக்டரிடம் போனாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்தக் கருவியில் பிடிபட்ட ஏ.எஃப். வெள்ளையரில் சுமார் 7%, கறுப்பினத்தவரில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல். ஏறக்குறைய சமம்!

ஏ.எஃப். கண்டுபிடிக்கப்பட வேண்டுமென்றால், அது நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் யாராவது ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். அடிக்கடி மருத்துவரைப் பார்ப்பவருக்கு அந்த வாய்ப்பு அதிகம். எப்போதாவது போகிறவருக்குக் குறைவு. பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. 2003இல் தொடங்கிய ரிகார்ட்ஸ் என்ற ஆய்விலும் இதே கதைதான். ஏ.எஃப். இருப்பது தமக்கே தெரிந்திருக்கும் வாய்ப்பு, வெள்ளையரோடு ஒப்பிட்டால் கறுப்பினத்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு. தெரிந்தவர்களிலும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை கிடைக்கும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு. இதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. குறைவு என்று நாம் எழுதிவைத்த எண்ணிக்கைக்குள், கண்டுபிடிக்காமலே பக்கவாதத்தில் விழுந்தவர்களும் இருக்கிறார்கள்.

அதற்காக, வேறுபாடே இல்லை, எல்லாம் பதிவுக் குறைபாடு என்று மறுகோடிக்கும் ஓடக் கூடாது. பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்தியவர்களுக்கு அது மாதக்கணக்கில் இடைவிடாமல் துடிப்பைப் பதிவுசெய்கிறது. அங்கே தப்பிக்க வழியில்லை. அப்படிப்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்த அசெர்ட் ஆய்வில் ஐரோப்பிய வம்சாவளியினரைவிடக் கறுப்பினத்தவர், சீனர், ஜப்பானியர் மூவருக்கும் ஏ.எஃப். குறைவாகவே பதிவானது. ஆகவே கொஞ்சம் உண்மையான வேறுபாடு, கொஞ்சம் கண்ணில் படாமல் போனது, இரண்டும் சேர்ந்ததுதான் அந்த எண். என் கணிப்பில் இரண்டாவதைத்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

உண்மையான வேறுபாட்டுக்கு மரபணுவில் காரணம் தேடினார்கள். 2010இல் வந்த ஒரு ஆய்வு, ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் மரபணுவில் ஐரோப்பியக் கலப்பு 10% கூடும்போதெல்லாம் ஏ.எஃப். ஆபத்து 13% கூடுகிறது என்று காட்டியது. பரம்பரையில் ஏதோ இருக்கிறது என்பதற்கு வலுவான சான்று இது. ஆனால் "இன்ன மரபணுதான்" என்று ஒன்றைக் கைகாட்ட முடியவில்லை. 2007இல் ஐஸ்லாந்தில் கண்டுபிடித்த, 4ஆம் குரோமோசோமில் பிட்எக்ஸ்2 மரபணுவுக்கு அருகிலுள்ள மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.எஃப். ஆபத்தைக் கூட்டுவதில் முன்னணியில் நிற்கும் மாற்றம் அது. அந்த ஆய்விலேயே ஹாங்காங் சீனர்களையும் பார்த்தார்கள். அவர்களில் 75% பேர் அதைச் சுமக்கிறார்கள், ஐரோப்பியரைவிட மிக அதிகம். அந்த ஒரு மரபணுவே தீர்மானிப்பதென்றால் சீனர்களுக்குத்தான் ஏ.எஃப். மிக அதிகமாக இருக்க வேண்டும். அப்படி இல்லை.

உடலமைப்பும் ஒரு காரணம். உயரம் கூடினால் இதய அறை பெரிதாகும். அறை பெரிதானால் தாறுமாறான மின்னோட்டம் சுற்றிச் சுழல இடம் கிடைக்கும். லண்டனில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில் இந்திய வம்சாவளியினரின் இடது மேலறை வெள்ளையரைவிடச் சிறியதாக இருந்தது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. எக்கோ அறிக்கையில் இடது மேலறையின் கொள்ளளவு உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 34 மில்லிலிட்டரைத் தாண்டினால்தான் பெரிது என்று போடுவார்கள். எல்லோருக்கும் இதே கோடுதான். சிறிய அறையோடு பிறந்த உடலில் 32, 33 என்று வந்தால் அதை நார்மல் என்று மடித்து வைக்காமல், பழைய எக்கோவோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது நல்லது.

தெற்காசியர்களைப் பற்றி நேரடியாகப் பேசும் எண் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்திலிருந்து கிடைக்கிறது. பாகிஸ்தானிலிருந்து குடியேறியவர்கள் நிறைந்த ஊர். நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளில் ஏ.எஃப். வெள்ளையரில் 2.4%, தெற்காசியரில் 0.4%. பார்த்தவுடன் ஆறு மடங்கு என்று தோன்றும். ஆனால் குடியேறிய சமூகம் வயதில் இளையது. ஏ.எஃப். வயதோடு ஏறும் நோய்: ஏட்ரியா கணக்கில் 55க்குக் கீழே 0.1%, 80க்கு மேல் 9%. இளைஞர் நிறைந்த கூட்டத்தையும் முதியோர் நிறைந்த கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து சதவீதம் பார்த்தால் இப்படித்தான் வரும். வயதையும் மற்ற காரணங்களையும் சரிக்கட்டிப் பார்த்த பிறகும் தெற்காசியருக்குக் குறைவாகவே இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதுவும் பதிவேட்டுக் கணக்குதான், 14 நாள் ஒட்டுக்கருவிக் கணக்கல்ல.

"வெள்ளையருக்குத்தான் அதிகம்" என்பதும் எல்லா இடத்திலும் செல்லாது. கலிஃபோர்னியப் பதிவுகளில் அமெரிக்கப் பூர்வகுடியினருக்கு மற்றவர்களைவிட அதிகமாக ஏ.எஃப். வந்திருக்கிறது. நியூசிலாந்தில் மாவோரிகளுக்கும் பசிபிக் தீவினருக்கும் ஐரோப்பிய வம்சாவளியினரைவிட ஏறத்தாழ பத்து ஆண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். லண்டன், பிராட்ஃபோர்டு எண்களை இந்தியாவுக்கு அப்படியே பொருத்தவே முடியாது, ஏனென்றால் இங்கே ஏ.எஃப். பலருக்கு வேறொரு வழியாக வருகிறது. 47 நாடுகளில் 15,400 ஏ.எஃப். நோயாளிகளைச் சேர்த்த ரீலை பதிவேட்டில், ருமாட்டிக் இதயநோய் (சிறுவயதுக் காய்ச்சலால் இதய வால்வு கெடுவது) இருந்தவர்கள் வட அமெரிக்காவில் 2.2%, இந்தியாவில் 31.5%. இந்தியாவில் 24 மையங்களில் 1,537 பேரைச் சேர்த்த இன்னொரு பதிவேட்டில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ருமாட்டிக் பாதிப்பு. சராசரி வயது 55க்குக் கீழே. மேலை நாட்டில் 70களில் வரும் நோய் இங்கே குடும்பத்தைத் தாங்கும் வயதில் வந்து நிற்கிறது.

இது நடப்பது இப்படி. பள்ளி வயதில் தொண்டைப் புண். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. சரியாக மருந்து கொடுக்காமல் விட்டால், இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு மூட்டாக மாறி மாறி வீக்கம், காய்ச்சல். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டுவலி போய்விடும், வீட்டில் மறந்துவிடுவார்கள். ஆனால் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்புச் சக்தி இதய வால்வையும் தாக்கியிருக்கும். அடுத்த பத்து இருபது ஆண்டுகளில், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வின் இதழ்கள் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கும். 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வாசல் 1.5க்குக் கீழே போகும். பின்னால் இடது மேலறையில் அழுத்தம் ஏறி அறை ஊதிப் பெருக்கும். அப்புறம் ஏ.எஃப். வால்வுச் சுருக்கமும் ஏ.எஃப்.பும் சேர்ந்தால் பக்கவாத ஆபத்து 5 மடங்கல்ல, 17 மடங்கு என்று அதே ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு சொன்னது. பெண்களுக்கு இது கூடுதல். பல பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் மூச்சு வாங்கும்போதுதான் முதல்முறையாகத் தெரியவருகிறது.

இது இனத்தின் குணமல்ல. நெரிசலான வீடு, கைக்கெட்டாத மருத்துவம், நிறுத்திவிட்ட பெனிசிலின் ஊசி, இவற்றின் குணம். அதே ஜாதி, அதே ரத்தம், நகரத்து வசதியில் வளர்ந்தால் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சாத்தின் பெனிசிலின் ஊசியை டாக்டர் சொன்ன வயதுவரை விடாமல் போடுவது அதனால்தான் அவ்வளவு முக்கியம்.

அப்பாவுக்கு இப்போது என்ன செய்வது? 65 வயதைத் தாண்டியவர்களை வேறு எதற்காக டாக்டரிடம் போனாலும் நாடி பார்த்தோ ஈ.சி.ஜி. எடுத்தோ சோதிக்கலாம் என்பது ஐரோப்பிய இதயநோய்ச் சங்கத்தின் வழிகாட்டல். வீட்டிலேயே தொடங்கலாம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுக்கட்டும். மணிக்கட்டின் உட்புறத்தில், கட்டைவிரல் பக்கமாக, நடு மூன்று விரல்களை வைத்து மெல்ல அழுத்துங்கள். முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இந்த வேலைக்கு உதவாது; எண்ணிக்கையைவிட ஒழுங்கைத்தான் தேடுகிறோம். சீராக அடித்துக்கொண்டே வந்து எப்போதாவது ஒன்று தவறினால் அது பெரும்பாலும் எக்டோபிக் என்ற உதிரித் துடிப்பு. ஏ.எஃப்.பில் ஒழுங்கே இராது. தகரக் கூரையில் தூறல் விழுவது போல, அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது, ஒன்று பலமாக, ஒன்று மெலிதாக. பல துடிப்புகள் மணிக்கட்டுவரை வந்தே சேராது. அதனால் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் நாடித் துடிப்பு 80 என்று காட்டும்போது இதயம் 120இல் ஓடிக்கொண்டிருக்கலாம். தானியங்கி பி.பி. மெஷினிலும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு எண் வரும். மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

சந்தேகம் வந்தால் 12 லீட் ஈ.சி.ஜி. அதில் பார்க்க வேண்டியவை இரண்டு: ஒவ்வொரு உயர்ந்த கூம்புக்கும் முன்னால் இருக்க வேண்டிய சின்ன மேடு, அதாவது பி அலை, காணாமல் போயிருக்கும், கூம்புக்குக் கூம்பு இடைவெளி ஒன்றுபோல் இராது. தாளின் தலையில் மெஷின் அச்சடித்துக் கொடுக்கும் வாசகத்தை மட்டும் நம்பாதீர்கள். அடுத்தடுத்து வரும் எக்டோபிக்கை அது ஏ.எஃப். என்று போட்டுவிடும், உண்மையான ஏ.எஃப்.பைத் தவறவிடுவதும் உண்டு. நார்மல் என்று வந்தால் அந்தப் பத்து விநாடிக்குத்தான் உத்தரவாதம். காரணம் தெரியாமல் பக்கவாதமோ, சில நிமிடம் வாய் கோணி, கை விழுந்து சரியானதோ நடந்திருந்தால் 24 மணிநேரம் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவி, அதிலும் பிடிபடாவிட்டால் 7 முதல் 14 நாள் ஒட்டுக்கருவி என்று நீட்டிப் பார்க்க வேண்டும்.

ஏ.எஃப். உறுதியானால் எக்கோ, தைராய்டு, கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் இவ்வளவும் பார்ப்பார்கள். எக்கோவில் முதல் கேள்வி, மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறதா என்பது. அந்த ஒரு பதிலில்தான் மாத்திரை பிரிகிறது.

நடுத்தரமாகவோ கடுமையாகவோ சுருங்கியிருந்தால் வேறு கணக்கே வேண்டாம்; வார்ஃபரின் அல்லது அசினோகூமரால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை எண் 2க்கும் 3க்கும் இடையில். புதிய மாத்திரைகளுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டாமே என்று மாற்றிக் கேட்பவர்கள் உண்டு. 24 நாடுகளில் ருமாட்டிக் ஏ.எஃப். உள்ள 4,500 பேருக்கு மேல் சேர்த்து 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், அந்தப் புதிய மாத்திரைகளில் ஒன்றான ரிவரோக்சபான் எடுத்தவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். ஆகவே மாற்றக் கூடாது. குழந்தை பெறும் வயதுப் பெண் வார்ஃபரினில் இருந்தால், நாள் தள்ளிப்போன பிறகல்ல, கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதத்தில் அது கருவைப் பாதிக்கக் கூடியது.

அளவு விஷயத்தில் மட்டும் இனம் நிஜமாகவே குறுக்கிடுகிறது. வார்ஃபரின் தாக்கும் வி.கே.ஓ.ஆர்.சி.1 மரபணுவின் வகை ஆளுக்கு ஆள் மாறும். சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரையும் ஒப்பிட்டபோது, குறைந்த அளவே போதும் என்ற வகை சீனரில் மிகப் பெரும்பான்மைக்கும் இந்தியரில் சிறுபான்மைக்குமே இருந்தது. சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கு மேல் தமிழர் என்பதால் இது நமக்கு நேரடியாகப் பொருந்தும். "ஆசியர்களுக்குக் குறைந்த அளவு" என்ற பொதுவாசகத்தை நம்பி ஒரு தமிழருக்குக் குறைத்துக் கொடுத்தால் ஐ.என்.ஆர். ஏறாமலே நிற்கலாம். கீரையை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. வாரத்துக்கு எத்தனை நாள் சாப்பிடுவாரோ அதை மாற்றாமல் சாப்பிட்டால் போதும். மெட்ரோனிடசோல், கோ-டிரைமாக்சசோல் போன்ற ஆன்டிபயாட்டிக்கும் மூட்டுவலிக்கு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக்கும் வார்ஃபரினோடு சேர்வதுதான் பெரிய ஆபத்து.

வால்வு நன்றாக இருந்தால் பக்கவாத ஆபத்துக்கு மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள். உங்கள் அப்பாவையே எடுத்துக்கொண்டால்: வயது 65 முதல் 74க்குள், 1, ரத்த அழுத்தம், 1, சர்க்கரை, 1. மொத்தம் 3. ஆணுக்கு 2 வந்தாலே ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டும். இந்த மதிப்பெண்ணில் இனத்துக்கு ஒரு புள்ளியும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. ஏ.எஃப். வருவதற்கான வாய்ப்பு கூட்டத்துக்குக் கூட்டம் மாறலாம், வந்த பிறகு அந்த ஆறுதலுக்கு மதிப்பில்லை. ஏரிக் ஆய்வில் ஏ.எஃப். குறைவாக வந்த அதே கறுப்பினத்தவருக்குத்தான், வந்தபின் கூடும் பக்கவாத ஆபத்து வெள்ளையரைப் போல இரு மடங்காக இருந்தது.

இப்படிப்பட்டவருக்கு அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகளே முதல் தேர்வு. தெற்குக் கலிஃபோர்னியாவில் செய்த ஆய்வில், ஏ.எஃப். உள்ள ஆசியருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு ஆபத்து வெள்ளையரைவிட 4 மடங்கு என்று வந்தது. புதிய மாத்திரைகளில் அந்தக் கசிவு வார்ஃபரினைவிடக் குறைவு. ஆஸ்பிரின் இதற்கு மாற்றாகாது. இங்கே நடக்கும் பெரிய தவறு, உடல் மெலிந்தவர் என்று அபிக்சபானைப் பாதியாகக் குறைப்பது. வழக்கமான அளவு 5 மில்லிகிராம், தினம் இருவேளை. வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது மேல், இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5 ஆகக் குறைக்க வேண்டும். நம்மில் 60 கிலோவுக்குக் கீழே எத்தனையோ பேர். எடை மட்டும் குறைவு என்றால் முழு அளவுதான்.

மாத்திரை நின்றால் இவற்றின் பாதுகாப்பு ஒரே நாளில் போய்விடும், மாதக் கடைசியில் தீர்ந்துபோக விடாதீர்கள். நாடி தாறுமாறாக இருப்பது கையில் பட்டால், காலையில் போகலாம் என்று படுக்கவும் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் எங்கே ஈ.சி.ஜி. இருக்கிறதோ அங்கே போய் எடுத்து, தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்குள் துடிப்பு ஒழுங்குக்கு வந்துவிட்டால், மறுநாள் எடுக்கும் தாளில் எதுவுமே தெரியாது.